கோட்டு, சாண்ட்விச், தலைவணக்கம்: பிரிட்டன் பத்திரிகைகள் தலைவர்களை எப்படிக் காட்டுகின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்தவன் நான். பிரிட்டன் செய்தி என்றாலே நடுநிலை என்று நம்பியிருந்தேன். அங்கே படிக்கப் போன என் மகன், 'இங்கே பேப்பர்காரர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள் மாதிரி எழுதுகிறார்கள் அப்பா' என்கிறான். உண்மைதானா? தலைவர்களைப் பற்றி எழுதும்போது எவ்வளவு தூரம் சாய்கிறார்கள்? எந்தப் பேப்பரை நம்பிப் படிக்கச் சொல்வது?"

உங்கள் மகன் சொல்வது சரி. லண்டன் வந்த புதிதில் எனக்கும் அதே அதிர்ச்சிதான்.

அப்போது சித்தப்பாவின் கடையில் வேலை பார்த்தேன். பால், ரொட்டி, சிகரெட், லாட்டரி, பேப்பர் எல்லாம் கிடைக்கும் தெருமுனைக் கடை. இந்த மாதிரிக் கடைகளில் நிறைய நம் தமிழர்கள் நடத்துபவை. காலை ஐந்து மணிக்கு வாசலில் பேப்பர் கட்டுகள் கிடக்கும். பிளாஸ்டிக் பட்டையை அறுத்து, எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதன் தட்டில் முதல் பக்கம் தெரியும்படி அடுக்க வேண்டும். அது என் வேலை. ஒரு பேப்பரை மட்டும் வாங்கி வீட்டில் படிக்கிறவர் கண்ணில் படாத ஒன்று அந்தத் தட்டுகளின் முன்னால் நிற்கிறவனுக்குத் தெரியும். எல்லா முதல் பக்கங்களையும் அவன் ஒரே நேரத்தில் பார்க்கிறான்.

2013 ஏப்ரல் 9 காலை. முந்தைய நாள் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்திருந்தார். டெய்லி மெயிலைத் தூக்கினேன்: 'பிரிட்டனைக் காப்பாற்றிய பெண்.' அடுத்த கட்டில் டெய்லி மிரர்: 'ஒரு தேசத்தைப் பிளந்த பெண்.' இரண்டும் ஒரே மரணத்தைச் சொல்கின்றன, இரண்டிலும் அதே முகம். பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இரண்டையும் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதில் ஒளிவுமறைவு கிடையாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் ஒரு சட்டம், பத்திரிகைக்கு இன்னொரு வழி. ஒளிபரப்புக்கு ஆஃப்காம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு. அரசியல் செய்தியில் நியாயமான நடுநிலை காக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயம். நீங்கள் தமிழோசையில் கேட்டுப் பழகியது அந்த மரபு. அச்சுப் பத்திரிகைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஆசிரியர்களுக்கான நடத்தை விதியே, பத்திரிகை ஒரு பக்கம் சாய்ந்து பிரசாரம் செய்யலாம் என்கிறது. செய்தி எது, கருத்து எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்ட வேண்டும், தகவல் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விதியைப் பார்த்துக்கொள்ள 2014-இலிருந்து இப்சோ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் சேர்ந்திருப்பது பத்திரிகைகளின் விருப்பம். கார்டியனும் ஃபைனான்சியல் டைம்ஸும் சேரவே இல்லை, தங்களுக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன.

தேர்தல் வந்தால் ஒவ்வொரு பேப்பரும் யாருக்கு ஓட்டுப் போடச் சொல்கிறது என்று வெளிப்படையாகவே எழுதும். மெயிலும் டெலிகிராஃபும் பொதுவாக வலதுசாரிக் கன்சர்வேட்டிவ் கட்சியின் பக்கம். மிரர் இடதுசாரி லேபர் கட்சியின் பக்கம். கார்டியன் இடது பக்கம் சாயும், 2010-இல் லிபரல் டெமாக்ரட் கட்சியை ஆதரித்தது. ஊடக முதலாளி ரூபர்ட் முர்டோக்கின் சன் 1979-இலிருந்து ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் யாரை ஆதரித்ததோ அவரே பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தாட்சர், மேஜர், பிளேர், கேமரூன், மே, ஜான்சன், 2024-இல் ஸ்டார்மர் வரை. இதைக் கொள்கைப் பிடிப்பு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 2015 ஏப்ரல் 30-ஆம் தேதி நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும். அன்று லண்டனில் வந்த சன், கேமரூனை ஆதரித்து முதல் பக்கம் போட்டது. அதே நாள் ஸ்காட்லாந்தில் வந்த சன், ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் நிக்கோலா ஸ்டர்ஜனை ஆதரித்தது. 'அந்தக் கட்சியின் கைக்குப் போய்விடும் நாடு' என்று கேமரூனின் கன்சர்வேட்டிவ் கட்சி அப்போது ஊரெல்லாம் பிரசாரம் செய்துகொண்டிருந்தது. ஒரே முதலாளி, ஒரே பெயர், ஒரே நாள்.

சார்பு இருக்கிறது என்பது சரி. அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் என்னை இத்தனை வருடமாகத் துரத்தும் கேள்வி. பச்சைப் பொய் எழுதுவதால் வரும் கெடுதல் குறைவு. எழுதினால் வழக்கு வரும், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். பெரிய கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தலைவரைப் பிடிக்கவில்லை என்றால் பத்திரிகை அவர் சொன்ன திட்டத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. அவருடைய உடம்பை எடுத்துக்கொள்கிறது: என்ன உடுத்தினார், எப்படிச் சாப்பிட்டார், எவ்வளவு குனிந்தார். அவர் பேசியது அதற்குப் பின்னால் மறைந்துபோகிறது.

1981 நவம்பர். போரில் இறந்தவர்களுக்கு மரியாதை செலுத்தும் ஞாயிறு. லேபர் தலைவர் மைக்கேல் ஃபுட் லண்டன் நினைவுத்தூணுக்கு ஒரு பச்சைக் கோட்டில் வந்தார். மற்றவர்கள் எல்லோரும் நீண்ட கறுப்பு மேலங்கியில். 'டாங்கி ஜாக்கெட்' போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று கிளம்பியது பேச்சு. டாங்கி ஜாக்கெட் என்பது ரோடு போடுகிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்கள் போடும் தடித்த சட்டை. அவருடைய சொந்தக் கட்சி எம்.பி. ஒருவரே, வேலையில்லாத மண்வெட்டிக் கூலிக்காரர் மாதிரி இருந்தார் என்று சொல்லிவிட்டார். பத்திரிகைகளுக்கு அது போதும். உண்மையில் அது மனைவி வாங்கிக் கொடுத்த நல்ல குட்டைக் கோட்டு. குளிருக்கு ஏற்ற கோட்டு என்று அரசியின் தாயார் அன்றே தன்னிடம் பாராட்டியதாக ஃபுட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் கோட்டு இன்று மான்செஸ்டரில் உள்ள மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபுட் நல்ல எழுத்தாளர், பெரிய பேச்சாளர், அணு ஆயுதத்துக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் போராடியவர். அந்தக் கொள்கை சரியா தப்பா என்று காரசாரமாக விவாதித்திருக்கலாம், விவாதிக்கவும் செய்தார்கள். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது கோட்டு.

34 வருடம் கழித்து, 2015 நவம்பரில், அதே தூணுக்கு முன்னால் அப்போதைய லேபர் தலைவர் ஜெரமி கார்பின் நின்றார். இந்தத் தடவை கோட்டில் குறை கிடைக்கவில்லை. தலை குனிந்தது போதவில்லை என்று சன் முதல் பக்கத்தில் எழுதியது. அவர் குனிந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

நடுவில், கார்பினுக்கு முன் லேபர் தலைவராக இருந்த எட் மிலிபாண்டின் சாண்ட்விச். 2014 மே 21, உள்ளாட்சித் தேர்தலுக்கும் ஐரோப்பியத் தேர்தலுக்கும் முந்தின நாள். விடியற்காலையில் லண்டனின் மொத்தப் பூச்சந்தைக்குப் போனவர், அங்கே ஒரு பேக்கன், அதாவது பன்றிக்கறி வைத்த சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டார். எச்சில் ஒழுகாமல், முகம் கோணாமல் ரொட்டியைக் கடிக்கிற மனிதர் யாராவது உண்டா? கேமரா அந்த அரை நொடியைப் பிடித்தது. படம் ஒரு வருடம் உறையில் இருந்த கத்தி மாதிரி இருந்தது. 2015 மே 6, பொதுத்தேர்தலுக்கு முந்தின நாள், சன் அதை முதல் பக்கம் முழுக்கப் போட்டது. 'எங்கள் பேக்கனைக் காப்பாற்றுங்கள்' என்று தலைப்பு. ஆங்கிலத்தில் அது 'எங்களைத் தப்பவையுங்கள்' என்று பொருள்படும் வழக்கு. பொய் என்பதற்குப் பன்றிக்கறியோடு சேர்ந்த ஒரு பேச்சுவழக்குச் சொல் உண்டு, அதையும் உள்ளே கோத்திருந்தார்கள். மிலிபாண்ட் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பன்றிக்கறியை வைத்து ஓட ஓட அவரைக் கேலி செய்வது வேறு எதையோ தொடுகிறது என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கும் அந்தக் கட்டை அவிழ்த்து அடுக்கும்போது கை கூசியது. அதே பிரசாரத்தில் கேமரூன் ஒரு ஹாட் டாகைக் கத்தியும் முள்கரண்டியுமாக வெட்டிச் சாப்பிட்டார். அதையும் எழுதினார்கள், ஒரு நாள் சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள். தேர்தலுக்கு முந்தின நாள் அந்தப் படத்தை யாரும் தோண்டி எடுத்து முதல் பக்கத்தில் போடவில்லை.

அதற்கும் முன்னால், 2013 செப்டம்பரில், மிலிபாண்டின் இறந்துபோன அப்பாவையே மெயில் எடுத்துக்கொண்டது. 'பிரிட்டனை வெறுத்த மனிதர்' என்று தலைப்பு. அந்த அப்பா, ரால்ஃப் மிலிபாண்ட், 1940-இல் நாஜிகளிடமிருந்து தப்பி பெல்ஜியத்திலிருந்து வந்த பையன். பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து போரில் பணி செய்தவர். பிறகு மார்க்சியப் பேராசிரியர் ஆனார். 17 வயதில் தன் நாட்குறிப்பில் எழுதிய சில வரிகளை வைத்து அவரை நாட்டு விரோதி ஆக்கினார்கள். மகன் பதில் எழுதக் கேட்டார். இடம் கொடுத்தார்கள், ஆனால் அதே நாளில் பழைய குற்றச்சாட்டை இன்னும் அழுத்திச் சொல்லும் தலையங்கத்தையும் சேர்த்தே அச்சடித்தார்கள். பெற்றவரை இழுக்கும் எழுத்தை எந்த ஊரிலும் நல்ல எழுத்து என்று சொல்ல மாட்டார்கள். கட்சிப் பேதம் இல்லாமல் பலர் கண்டித்தார்கள், கேமரூனும் ஒரு மகனாக மிலிபாண்டின் கோபம் புரிகிறது என்ற அளவில் பேசினார்.

பெண் தலைவர்கள் என்றால் கட்சியே தடை இல்லை. 2017 மார்ச் 27 அன்று பிரதமர் தெரேசா மேயும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஸ்டர்ஜனும் கிளாஸ்கோவில் சந்தித்தார்கள். இரண்டு நாளில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் கடிதம் கொடுக்கப்பட இருந்தது. ஸ்காட்லாந்து தனியாகப் பிரிவது பற்றி இன்னொரு வாக்கெடுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு ராஜ்யம் ஒன்றாக இருக்குமா இல்லையா என்ற பேச்சு. மறுநாள் மெயிலின் முதல் பக்கம் இருவரின் கால்களையும் ஒப்பிட்டது, யாருடையது அழகு என்று. தெரேசா மே, மெயில் ஆதரித்த பிரதமர். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. அன்று கடைக்கு வந்த ஒரு பாட்டியம்மா பேப்பரை எடுத்துப் பார்த்து, மடித்து, திரும்பத் தட்டில் வைத்துவிட்டுப் பால் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஆளைத் தாக்கும்போது பேச்சு காணாமல் போகிறது என்று சொன்னேன் அல்லவா, அதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2015-இல் கார்பின் தலைவரான தொடக்க வாரங்களில் 8 பத்திரிகைகளில் அவரைப் பற்றி வந்தவற்றை எடுத்து அலசினார்கள். பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளில், 52 சதவீதத்தில், அவர் கருத்தே இல்லை. இருந்த இடங்களிலும் பல தடவை சூழலிலிருந்து பிடுங்கப்பட்டு இருந்தது. அவர் சொன்னது மாறாமல் வந்தவை 11 சதவீதம் மட்டுமே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கார்பினை விமர்சித்ததெல்லாம் சார்பு என்று நான் சொல்லவில்லை. அவர் காலத்து லேபர் கட்சியில் யூத வெறுப்பு புகார்கள் கையாளப்பட்ட விதம் சட்டத்துக்குப் புறம்பாக இருந்தது என்று சமத்துவ, மனித உரிமை ஆணையமே 2020-இல் சொன்னது. அதைத் தோண்டியது பத்திரிகையின் வேலை, நல்ல வேலை. ஒரு தலைவரின் செயலைக் கேள்வி கேட்பது ஒன்று. அவர் குனிந்த கோணத்தை அளப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒரே எழுத்தளவில் போட்டால், படிக்கிறவருக்கு முக்கியமானதும் அற்பமானதும் ஒன்றாகவே தெரியும். பிற்பாடு உண்மையான குற்றச்சாட்டு வரும்போதும் 'இவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்' என்று அந்தத் தலைவரின் ஆதரவாளர்கள் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதிக வருத்தம் தருவது இதுதான்.

ஆளைத் தாக்குவது ஒரு வழி. இரண்டாவது வழி, ஆளுக்கு ஏற்றபடி அளவுகோலை மாற்றுவது. 2022 ஏப்ரல் 12 அன்று, கொரோனா விதிகளை மீறிய விருந்துக்காகப் பதவியில் இருக்கும்போதே பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குப் போலீஸ் அபராதம் போட்டது. மறுநாள் மிரர்: 'பொய்யர்களும் சட்டத்தை மீறியவர்களும் நம்மை ஆள்கிறார்கள்.' மெயில்: 'போர் நடப்பது இவர்களுக்குத் தெரியாதா?' உக்ரைன் போர் நடக்கும்போது இதையெல்லாம் பேசலாமா என்று மெயில் கேட்டது எதிர்க்கட்சிக்காரர்களைப் பார்த்து. சில வாரம்தான் போயிருக்கும். லேபர் தலைவர் ஸ்டார்மர் 2021-இல், கொரோனா விதிகள் இருந்த நேரத்தில், டர்ஹமில் கட்சி எம்.பி. ஒருவரின் அலுவலகத்தில் பீர் குடித்த பழைய காட்சியை அதே மெயில் கையில் எடுத்தது, நாள்தோறும் முதல் பக்கம். போர் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. டர்ஹம் போலீஸ் விசாரித்து, தவறு எதுவும் இல்லை என்று ஜூலையில் முடித்தது.

இடது பக்கத்தார் சுத்தம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1951 தேர்தல் நாளில் மிரர் ஒரு துப்பாக்கியை வரைந்து, 'விசையில் யார் விரல் வேண்டும்?' என்று கேட்டது. சர்ச்சில் வந்தால் போர் வரும் என்ற பயத்தை விதைத்தது. சர்ச்சில் அவதூறு வழக்குப் போட்டார், மிரர் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொண்டது. அளவில் வித்தியாசம் உண்டு: அச்சடித்து விற்கும் பிரதிகளைக் கூட்டிப் பார்த்தால் வலது பக்கப் பேப்பர்கள்தான் நெடுங்காலமாக அதிகம். அதனால் லேபர் தலைவர்கள் மேல் விழும் அடி கூடுதல்.

இதன் வேர் ஆழமானது. 1924-இல் தேர்தலுக்கு நாலு நாள் முன்னால், மாஸ்கோவிலிருந்து சோவியத் கம்யூனிஸ்ட் தலைவர் சினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தை மெயில் வெளியிட்டது, பிரிட்டனில் புரட்சிக்குத் தூண்டுவதாக. ராம்சே மெக்டொனால்டின் முதல் லேபர் அரசு அந்தத் தேர்தலில் விழுந்தது. கடிதம் போலி. பிரிட்டன் வெளியுறவுத் துறையின் வரலாற்றாசிரியரே 1999-இல் ஆராய்ந்து அப்படித்தான் முடிவு சொன்னார். ஆனால் அந்தக் கடிதத்தால்தான் லேபர் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. லேபருக்கு விழுந்த ஓட்டு அந்தத் தேர்தலில் கூடவே செய்தது. லிபரல் கட்சி சரிந்ததுதான் கணக்கை மாற்றியது. 1931-இல் கன்சர்வேட்டிவ் தலைவர் பால்ட்வினையே பத்திரிகை முதலாளிகள் ரோதர்மியரும் பீவர்புரூக்கும் கவிழ்க்கப் பார்த்தார்கள். பொறுப்பு இல்லாத அதிகாரத்தைத்தான் இவர்கள் கேட்கிறார்கள் என்று மேடையில் அவர் போட்ட போடு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த ரோதர்மியர் குடும்பத்திடம்தான் மெயில் இன்றும் இருக்கிறது.

இதெல்லாம் ஓட்டை மாற்றுகிறதா? 1992 தேர்தல் நாளில் சன், லேபர் தலைவர் நீல் கின்னக்கின் தலையை ஒரு மின்விளக்குக்குள் போட்டு, இவர் ஜெயித்தால் நாட்டை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்றது. கின்னக் தோற்றதும் 'ஜெயிக்கவைத்தது சன்தான்' என்று மார்தட்டியது. 20 வருடம் கழித்து, பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையில் முர்டோக்கே அந்தத் தலைப்பு ரசக்குறைவு, தவறு என்று ஒப்புக்கொண்டார். என் அபிப்பிராயம், எந்த ஒரு தலைப்பும் தனியாகத் தேர்தலை மாற்றாது. ஆனால் 1997-இல் சன் திடீரென்று பிளேர் பக்கம் தாவியதை வைத்து இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரே ஆட்களை 1992-இலும் 1997-இலும் கேட்ட பதில்கள் கையில் இருந்தன. பக்கம் மாறிய பத்திரிகைகளின் வாசகர்களில் 10 முதல் 25 சதவீதம் பேர் வரை அதனால் லேபர் பக்கம் போயிருக்கலாம் என்று வந்தது. சின்ன எண்ணிக்கை இல்லை. 2017-இல் அதற்கு மறுபக்கம் தெரிந்தது. ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் மெயில் பக்கம் பக்கமாகக் கார்பினைப் பயங்கரவாதத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர் என்று எழுதியது. லேபர் 40 சதவீதம் வாங்கி மேயின் பெரும்பான்மையைப் பறித்தது.

கடையில் நின்றதால் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. சன் வாங்குகிறவர்களில் பலர் அதைப் பின்னாலிருந்துதான் திறப்பார்கள், கால்பந்துக்காக. முதல் பக்கத்தை அதிகம் படிக்கிறவர்கள் பேப்பர் வாங்காதவர்கள். பாலுக்கும் லாட்டரிக்கும் வரிசையில் நிற்கிறவர்கள், தலைப்பையும் படத்தையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அப்புறம் இரவு பத்தரை மணி வாக்கில் தொலைக்காட்சிகள் மறுநாள் முதல் பக்கங்களைக் காட்டி இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசவைக்கின்றன. நடுநிலை காக்கக் கடமைப்பட்ட பிபிசியும் அதைச் செய்தது. பேப்பர் விற்பனை சரிந்த பிறகும் மெயிலுக்கும் சன்னுக்கும் இருக்கும் பலத்துக்கு இது ஒரு காரணம். எதைப் பற்றிப் பேசுவது என்பதை அவர்கள் முந்தைய இரவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

எந்தப் பேப்பரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு தலைவரைப் பற்றிய செய்தியைக் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கிறேன். மறுப்பும் விளக்கமும் அங்கேதான் ஒதுக்கப்பட்டிருக்கும். தலைப்பைச் செய்தியாளர் எழுதுவதில்லை, அலுவலகத்தில் இருக்கும் உதவி ஆசிரியர் வைக்கிறார். அதனால் தலைப்பில் இருக்கும் காரம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறேன். 'நெருங்கிய வட்டாரங்கள்' என்று வந்தால், இது வெளியே வருவதால் யாருக்கு லாபம் என்று யோசிக்கிறேன். அந்தத் தலைவர் தன் வாயால் சொன்ன முழு வாக்கியம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிறேன். ஒன்றுகூட இல்லை என்றால் அந்தச் செய்தியைத் தள்ளிவைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. நாடாளுமன்றம் கூடும் வாரங்களில் புதன்கிழமை மதியம் 12 மணிக்குப் பிரதமரிடம் கேள்வி நேரம். அரை மணி நேரம், இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். பேசியது கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை, நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பேச்சுப் பதிவான ஹான்சார்டில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் பார்த்து, தனக்கு எது முக்கியமாகப் பட்டது என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதிவைக்கட்டும். வியாழக்கிழமை காலை கடைக்குப் போய் மெயிலையும் மிரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தத் தாளையும் எடுத்துப் பார்க்கட்டும்.